பேராசிரியர் முனிசாமி நினைவு நீரூற்று

"ஹலோ... ஆமா, தேவகிதான் பேசுறேன்... யாரு, கலியாணண்ணாவா? சொல்லுங்கண்ணா... வந்துச்சி, வந்துச்சி. காலைத் தபால்லயே வந்துடுச்சி... கைலதான் வெச்சிக்கினு இருக்கறேன்."

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தேவகி நடத்திய ஜரிகைக் கடையில், தொலைபேசி தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் கையில் வழவழப்பான அழைப்பிதழ். 'பேராசிரியர் முனிசாமி நினைவு நீரூற்றுத் திறப்பு விழா.' முனிசாமி அவளுடைய அப்பா. ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து போய், மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராகி, அங்கேயே தலை நரைத்து, எட்டு வருஷத்துக்கு முன் இறந்தவர். மறுமுனையில் பேசிய கலியாணசுந்தரம் அவரிடம் படித்தவன். படிக்கிற காலத்தில் பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. இப்போது அதே பல்கலைக்கழகத்தில் டீன்.

"நல்லாத்தான் அச்சடிச்சிருக்கறீங்க... ஆமா, ஆமா, நைனா பேரு பெருசாவே போட்டிருக்குது. அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? மேல் அட்டையில நீரூத்து படம் இருக்குதே, அத்த சுத்தி கல்லு பதிச்சி வெச்சிருக்கறீங்களே... அது எந்தக் கல்லு?... அழகா இருக்குதா இல்லியான்னு கேக்கலண்ணா. எந்தக் கல்லுன்னு கேட்டேன்."

பதில் அவளுக்குத் தெரியும். படத்தில் ஒரு கல் மரக்கட்டைபோல வரிவரியாகக் கிடந்தது. திருவக்கரைப் பக்கம் மண்ணுக்குள் கிடந்து கல்லாய்ப்போன மரம் அது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதன் மேல் உட்கார்ந்து அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

"அப்போ நைனாவோட ரூமுல இருந்த கல்லுதான்... ம்... ம்... சரிண்ணா, பொதுமக்கள் பாக்கட்டும். பாக்கட்டும். அதுங்க மேல வெள்ளையா ஒரு பொட்டு வெச்சி நம்பர் எழுதியிருக்குமே, படத்துல காணோமே?... கழுவிட்டீங்களா? எதால?... என்னாது?... ஆசிட்டா!"

ஜரிகை வாங்க வந்து நின்ற நெசவாளி இளங்கோவன் திடுக்கிட்டுப் பார்த்தான். தேவகி அவனைக் கையமர்த்தினாள்.

"ஆசிட்டு ஊத்தி நம்பர தேச்சி எடுத்துட்டு, அதும் மேல வார்னிஷ் வேற... பளபளன்னு இருக்கணும்னு வி.சி. சொன்னாரா? அவரு சரித்திர வாத்தியாரு, அவருக்குத் தெரியாது. நீங்க ஜியாலஜி படிச்சவராச்சேண்ணா! அந்த நம்பரு போச்சின்னா எந்த ஊரு, எந்த ஆத்தங்கரை, யாரு எடுத்தது, எல்லாம் போச்சி. எங்கருந்து வந்துச்சின்னு சொல்லத் தெரியாத கல்லு சாலைக்குப் போடற ஜல்லிதான்னு நைனா உங்ககிட்ட சொல்லலியா?... அழுவல. நான் ஏன் அழுவறேன்?... இளங்கோ, ரெண்டு மார்க் ஜரிகைதானே, அந்த அலமாரில இருக்குது, நீயே எடுத்துக்கோபா... உங்கள இல்ல, கடைக்கு ஆள் வந்திருக்குது. சொல்லுங்க."

பல்கலைக்கழகத்தில் தன் அறையில் இருந்ததையெல்லாம் அப்பா ஒரே நாளில் சேர்க்கவில்லை. இந்த மண்ணின் கல்லையும் பாறையையும் யார் யார் நடந்து நடந்து படித்தார்கள் என்பதற்கு எங்கேயும் சாட்சி இல்லாமல் போய்விடுமே என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தார். துணியில் ஒட்டி, கையால் வண்ணம் தீட்டிய பழைய வரைபடங்கள். மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் எழுதிய கடிதங்கள். படச்சுருள் வருவதற்கு முந்தைய காலத்தில் கண்ணாடித் தகட்டில் எடுத்த புகைப்படங்கள். ஓய்வுபெற்ற ஒரு சர்வேயரின் மனைவி அந்தக் கண்ணாடிகளைக் கொடுக்க, உடைந்துவிடும் என்று பயந்து, திருச்சியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். இறங்கியபோது அவருக்குக் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை.

"ரூமு இப்போ என்னாவா இருக்குது?... கம்ப்யூட்டர் சென்டரா. வெக்கட்டும்ணா, புள்ளைங்க படிக்கட்டும், வேணான்னு யாரு சொன்னா? அதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க?... சைக்கிள் ஷெட்லயா?... எப்பலேருந்து?... ஐப்பசி மழையெல்லாம் அங்கியேவா நனைஞ்சிச்சி! மேப்பு?... ஒட்டிக்கினு போச்சா. எல்லாமா?... பாக்கவே இல்லியா. தெறந்து பாக்கக்கூட இல்ல. சரி. கண்ணாடிங்க?"

அங்கிருந்து வந்த பதில் நீளமாக இருந்தது. தேவகி கேட்டுக்கொண்டே அழைப்பிதழைக் கவிழ்த்து வைத்தாள்.

"இருங்க, இருங்க. மறுபடி சொல்லுங்க... வெந்நீர்ல ஊறப் போட்டு... சுரண்டிட்டு... ஃபிரேமா? யாரு போட்டோவுக்கு ஃபிரேமு?... இதுவரைக்கும் இருந்த துணைவேந்தருங்க போட்டோவுக்கு. ஹால்ல மாட்ட. சுரண்டின கண்ணாடிய... தூ!"

அவள் நிஜமாகவே துப்பிவிட்டாள். வாசற்படி தாண்டி எச்சில் தெருவில் விழுந்தது. வாயெல்லாம் கசந்தது. பழைய பாறை முகடுகளும், கழுதைமேல் கருவி ஏற்றிப் போனவர்களும், சுத்தியல் பிடித்து நின்ற கூலியாட்களும் சாக்கடையில் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த கண்ணாடிக்குப் பின்னால் இப்போது மாலை போட்ட துணைவேந்தர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஆமா, துப்பனேன். உங்க மேல இல்ல, தெருவுல... கேட்டுச்சின்னா கேக்கட்டும். நல்ல கண்ணாடி வீணாப் போவுதேன்னு நெனச்சீங்களா? அதுல இருந்தது என்னான்னு ஒருத்தனும் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கலியா?... நீங்க பாத்தீங்களா? பாத்துமா?... ம்... ம்... எல்லாத்தையும் சுரண்டிட்டீங்களா, மிச்சம் இருக்குதா? அத்த மட்டும் சொல்லுங்க சார்."

முதல்முறையாக அவனை அவள் சார் என்றாள். அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். 

"மூணு பெட்டி தொறக்கலியா. லெட்டருங்க?... அதுவும் சாக்குல இருக்குதா. நல்லது. அதுங்கள என்னா பண்ணப் போறீங்க?... காயலாங்கடைக்காரனா? எப்போ வரான்?... விழா அன்னிக்கு வளாகம் சுத்தமா இருக்கணும்னு. ஓகோ. சார், அத்த என்கிட்ட குடுத்துடுங்க. நானே வந்து ஏத்திக்கினு போறேன். மெட்ராஸ்ல பத்திரமா வெக்கறவங்க இருக்கறாங்க, நான் விசாரிச்சி ஒப்படைக்கறேன்... ரூல்ஸா? காயலாங்கடைக்குப் போடறதுக்கு ரூல்ஸ் இருக்குது, பெத்த பொண்ணுகிட்ட குடுக்கறதுக்கு இல்லியா?... பேப்பர்காரங்களா? நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல. சொல்ல மாட்டேன்னும் சொல்லல."

இளங்கோவன் ஜரிகையை எடுத்துக்கொண்டும் போகவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தேவகி ரிசீவரை இறுக்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க, என்னா செய்யணும்?... வரணும். மேடைல உக்காரணும். சரி... ரிப்பன் வெட்டணும். சரி, வெட்டறேன்... மாலை போட்டா போட்டுக்கறேன். போட்டோவுக்கு சிரிக்கணும்னா சிரிக்கறேன். பல்லு தெரியவே சிரிக்கறேன்... என்னா பேசணும்?... என்னா?"

அவன் சொன்னதை அவள் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கல்லையெல்லாம் இப்படி மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் கடைசி ஆசை. அதைத்தான் அவள் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டுமாம். தான் நின்று பார்க்காத இடத்தின் பெயரை ஒரு மாணவன் கல்லோடு வைக்கிற அட்டையில் எழுதிவிட்டால், அந்த அட்டையைக் கிழித்துப் போடுகிறவர் அப்பா. இந்தக் கலியாணசுந்தரத்தின் அட்டையையே கிழித்திருக்கிறார்.

"முடியாது... இல்ல சார், அது மட்டும் வராது. நைனா ஆசைப்பட்டாருன்னு என் வாயால வராது. வேற எது வேணும்னாலும் கேளுங்க, பொய் மட்டும் கேக்காதீங்க... அப்போ பெட்டி இல்லியா?... மெரட்டறீங்களா?... சரி, அப்போ நானும் பேசறேன். மேடை ஏறி, ஆசிட்டு ஊத்தனது, கண்ணாடி சுரண்டனது, எல்லாத்தையும் அதே மைக்குல சொல்லிட்டு எறங்கறேன். அப்பறம் நீங்க காயலாங்கடைக்குப் போடுங்க, கொளுத்துங்க... ஹலோ?... இருக்கறீங்களா?... ஹலோ?"

வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகு எங்கோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மறுபடி வந்த குரல் தாழ்ந்திருந்தது. சாப்பாட்டுக்கு வந்து நிற்கிற காலத்துப் பழைய குழைவு அதில் இருந்தது.

"ம்... கேக்கறேன், சொல்லுங்க... பேச வேணாமா. வெறும் நன்றி மட்டும். சரி, அது முடியும்... பெட்டியும் சாக்கும் காலைல வாசலுக்கு வந்துடுமா? கேட்ல தடுக்க மாட்டாங்களே?... எழுத்துல குடுங்க... அதெல்லாம் இல்ல, எழுத்துலதான்... சரி. அப்பறம்?... இன்னும் என்னா அப்பறம்?... யாருக்கு?"

தேவகி இளங்கோவனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றான்.

"துணைவேந்தர் வீட்டம்மாவுக்கா... காஞ்சிபுரத்துலேருந்து வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காதா. அவங்களே கேட்டாங்களா, நீங்களா சொல்றீங்களா?... அப்படியா. உங்க மானத்தக் காப்பாத்தணும். பெட்டிய விடறதுக்கு அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆமா, ஆமா. புரியுது. நல்லாப் புரியுது."

 ஒரே வார்த்தையில் இந்த ஆளை மண்ணோடு மண்ணாக்கிவிட்டு ரிசீவரை அறைந்து வைத்துவிடலாம். ஆனால் சைக்கிள் ஷெட்டில் ஈரத் தரையில் மூன்று பெட்டிகள் திறக்கப்படாமல் இருந்தன. உள்ளே யார் முகம், எந்த மலை என்று உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

"என்னா கலரு?"

மறுமுனை உற்சாகமாகிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அரக்கு... மாம்பழக் கலர் பார்டரா... பார்டர் பெருசா. ம்... ம்... உடம்புல பூ, மொட்டு வேணாம், சரி. ரவிக்கைத் துணி சேத்து. ஆமா, சுத்தப் பட்டுதான், நாங்க வேற எத்த குடுப்போம்?... சார், பெட்டி என் வண்டில ஏறுனப்பறம்தான் புடவை கை மாறும். மொதல்ல பெட்டி. அத்த அந்தம்மாகிட்டயும் சொல்லிடுங்க... நைனா ஆசீர்வாதமா? உங்களுக்கா?... வேணாம் சார். கலரு சொல்லிட்டீங்க இல்ல? போன வெய்யுங்க."