உளுந்தூர்பேட்டையில் திரும்பிய புயல்

— இன்னொரு வாட்டி படி எட்வினு. நிதானமா படி.

— எதுக்கு ஏஞ்சலு? நேத்து சாயங்காலமே வாட்சப் குரூப்புங்கள்ல பேசிப் போட்டாச்சு. நாலாயிரம் பேரு கேட்டாச்சு.

— அவுங்கள்லாம் கடலுக்குப் போறவங்க. நான் ஆஸ்பத்திரில ஊசி போடுறவ. எனக்குப் புரியிற மாதிரி படி.

— "கரைக்காற்று வானிலை அறிக்கை. வாசிப்பது எட்வின். தென்மேற்கு வங்கக்கடலில் உருவான தாழ்வுப் பகுதி புயலாக வலுப்பெற்று, ஞாயிறு காலை கடலூர் அருகே கரையைக் கடக்கும். அலைகள் நான்கு மீட்டர் உயரம் வரை எழும். சனி, ஞாயிறு இரு நாளும் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." போதுமா?

— அதுக்கு அப்புறம் ஒண்ணு வருமே. அதையும் படி.

— "கரையைக் கடந்த புயல் பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் வந்தடையும்."

— நம்ம ஊருக்கு வந்தடையும். உளுந்தூர்பேட்டையில டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிக்குமா?

— புயலுக்குன்னு ஒரு பாதை உண்டு. இந்தப் பாதையில வர வாய்ப்பு இருக்குது.

— இது புயல் வர்ற பாதையா, நாளிக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றவங்களோட வேன் வர்ற பாதையா?

— ரெண்டும் ஒண்ணா இருக்க மிதமான வாய்ப்பு இருக்குது.

— மேல படி சாமி.

— "ஞாயிறு காலை பதினொரு மணி முதல் பகல் ஒரு மணி வரை அப்பகுதிக்கு யாரும் பயணம் மேற்கொள்ள வேண்டாம்."

— ஒரு மணிக்கு மேல?

— வெயில் அடிக்கும்.

— அடடா. பந்தி முடிஞ்சதும் கெளம்பிடுமா? நல்ல வூட்டுப் புயலு.

— நக்கல் பண்ணாத ஏஞ்சலு. இதெல்லாம் காத்தழுத்தக் கணக்கு. ஒனக்குப் புரியாது.

— சரி. எனக்குப் புரிஞ்சத கேக்குறேன். மேல பாரு. இன்னா தெரியுது?

— வானம்.

— மேகம்?

— கம்மியா இருக்குது. புயலுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்.

— கீழ பாரு. மொட்டமாடி பூரா உங்கம்மா மக்காச்சோளத்த காயப் போட்டிருக்காங்க. கால வெக்க எடமில்ல. நாளிக்குப் புயல்னு புள்ள ஊரு ஒலகத்துக்குச் சொல்லிக்கினு இருக்கான், பெத்தவ சோளம் காய வெக்கிறா.

— எங்கம்மா என் குரூப்புல இல்ல.

— நீ கடைசியா கடலப் பாத்தது எப்ப?

— ஆறாவது படிக்கும்போது, வேளாங்கண்ணிக்கு நடந்து போனோமே.

— எவ்ளோ தூரம் எறங்குன?

— முட்டி வரைக்கும். ஒரு காலு.

— அந்த ஒரு காலை வெச்சிக்கினு கடலூர் ஜனத்துக்கே கடல் பாடம் எடுக்குற நீ.

— சாட்டிலைட் படத்துலயே காத்தும் அலையும் தெரியும், கடல்ல நின்னாத்தான் தெரியும்னு இல்ல. போன ஐப்பசில நான் சொன்னதக் கேட்டுத்தான பதினாலு படகு பாதியிலயே திரும்புச்சு? அன்னிக்கு சாயங்காலம் அடிச்ச காத்துல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. அவுங்களே சொன்னாங்க.

— தெரியும். அதனாலதான் நீ இன்னா சொன்னாலும் நம்புறாங்க. காலைல டென்னிஸோட அப்பா எங்கப்பாவுக்கு போன் போட்டாரு.

— டென்னிஸு யாரு?

— தெரியாத மாதிரி கேக்குறான் பாரு. மாப்ள.

— இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள மாப்ளயா?

— அவுங்கப்பா சொன்னாராம், "சவரிமுத்தண்ணே, கடலு தட்டுல ஊத்துன கஞ்சி மாதிரி அசையாம கெடக்குது. ஆனா வானிலை தம்பி வேணாம்னுடுச்சு. தம்பி பொய் சொல்லாது. நாங்க அடுத்த ஞாயித்துக்கெழம வர்றோம்"னு. அந்த தம்பி எங்க வூட்டுக்கு மூணாவது வூட்டு மொட்டமாடியில குந்திக்கினு இருக்குதுன்னு அவுருக்குத் தெரியாது.

— அப்ப நாளிக்கு வரல?

— நாலு நாளா செத்த மூஞ்சியா சுத்திக்கினு இருந்தான், இப்ப பாரு, கல்யாணக் களை.

— வெயிலு. கண்ணு கூசுது.

— அவுரு இன்னொண்ணும் சொன்னாரு. அறுவது படகையும் கரையில ஏத்தி நிறுத்தியிருக்காங்களாம். லட்சுமியம்மாள்னு மீன் விக்கிறவங்க வெறுங்கூடையோட வந்து நின்னாங்களாம். "பரவால்ல, அந்தப் புள்ளயாலதான் நம்ம ஆளுங்க உசுரோட இருக்காங்க, ரெண்டு நாளு கஞ்சி குடிச்சா இன்னா கொறஞ்சா போயிடுவோம்"னாங்களாம்.

— லட்சுமியம்மாவத் தெரியும் எனக்கு. தெனம் காலைல ரோசாப்பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்புவாங்க. இன்னிக்கும் அனுப்புனாங்க.

— வேன நிறுத்தணும்னா டயருல ஒரு ஆணிய வெக்கலாம், வேற இன்னான்னாலும் பண்ணலாம். ஒரு வேன நிறுத்த கடலையே மூடிட்டியே.

— கடலூர்லேர்ந்து புயல் வராம நேரா கச்சிராயபாளையத்துல மட்டும் மழன்னா யாரு நம்புவாங்க?

— எதுக்குடா பண்ண இத?

— அவுங்க வந்தா உங்கப்பா சரின்னுடுவாரு. நீயும் சரின்னுடுவ.

— சொன்னா?

— கடலூரு நூத்திப்பத்து கிலோமீட்டரு ஏஞ்சலு.

— அதுக்கு?

— நீ டூட்டி முடிஞ்சி வர்ற ஏழேகால் பஸ்ஸுல, வேற யாராவது எறங்குவாங்க.

— இம்மாம் நாளா இத ஏன் சொல்லல?

— முன்கூட்டியே சொல்றதுதான் என் வேல. ஆனா இது மட்டும் வாய்ல வரல.

— சரி. போன எடு. புது அறிக்கை போடு.

— போட்டா அவுங்க கெளம்பிடுவாங்க.

— கெளம்பட்டும்.

— கடலப் பத்தி மட்டும் திருத்துறேன். ரோட்ட விட்டுடுறேன்.

— ரோட்டையும் சொல்லு. புளுகுனதால நின்னுபோனது எதுவும் எனக்கு வேணாம்.

— ரோட்டையும் சொல்லித்தான் ஆவணுமா?

— நான் புடிச்சிக்கிறேன் போன. பேசு. இழுக்காம பேசு.

— "கரைக்காற்று வானிலை அறிக்கை. வாசிப்பது எட்வின். நேற்று நான் வெளியிட்ட புயல் எச்சரிக்கை பொய். கணக்கு தவறவில்லை, நான்தான் தெரிந்தே தவறாகச் சொன்னேன். வங்கக்கடலில் தற்போது புயலோ தாழ்வுப் பகுதியோ இல்லை. கடலூர் கரையில் காற்று மணிக்குப் பத்து முதல் பதினைந்து கிலோமீட்டர். அலை ஒரு மீட்டருக்குக் கீழ். கடலுக்குச் செல்லத் தடையேதும் இல்லை. உங்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போனதற்கு நான்தான் காரணம். இனி என்னை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்."

— ரோடு.

— "கடலூரிலிருந்து கச்சிராயபாளையம் வரையிலான சாலை, நாளை முழுவதும் பயணத்துக்கு ஏற்றதாக இருக்கும்." அனுப்பிடு. என் கையால வேணாம்.

— அனுப்பிட்டேன். தண்ணி குடி.

— இனிமே ரோசாப்பூ வராது.

— வரும், வராது. அத நீ கணிக்காத. இந்தா, போன் அடிக்கிது. புது நம்பரு.

— யாராவது திட்டுறதுக்காத்தான் இருக்கும். ஜாஸ்தி வாய்ப்பு.

— வாங்கிக்க. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்குறேன்.

— அலோ, எட்வின் பேசுறேன்.

— அண்ணே, கடலூர் தேவனாம்பட்டினத்துலேர்ந்து டென்னிஸு பேசுறேண்ணே! இன்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?

— தப்புதான் தம்பி. வேணும்னே பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிரு.

— அதச் சொல்லலண்ணே, அதுக்கு ஊரே ஒங்க மேல கோவமாத்தான் இருக்குது. அப்புறமா வாங்கிக்கங்க. ஏண்ணே அதத் திருத்துனீங்க? எங்கப்பா அறிக்கையக் கேட்ட கையோட வேன் டிரைவருக்கு போன் போட்டுட்டாரு!

— அதனால இன்னா தம்பி? பொண்ணு பாக்கத்தான?

— எனக்கு எதுக்குண்ணே பொண்ணு? ஐஸ் கம்பெனியில அமுதான்னு ஒரு புள்ள இருக்குது, நாலு வருசமா. அப்பா கிட்ட சொல்ல தைரியம் இல்ல. நேத்து ஒங்க புயலக் கேட்டதும் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேண்ணே. சாயங்காலத்துக்குள்ள ஒரு சின்னப் புயலு, உளுந்தூர்பேட்ட பக்கமா மட்டும் போட முடியாதா?

— முடியாது தம்பி. இனிமே இருக்கறத இருக்கற மாதிரிதான் சொல்லுவேன்.

— எட்வினு, போன இப்படிக் குடு. டென்னிஸு, பயப்படாம கெளம்பி வாங்க. நான் ஏஞ்சலின் பேசுறேன்.

— எந்த ஏஞ்சலினு?

— நீங்க பாக்க வர்ற ஏஞ்சலினு.

— ஐயையோ. அக்கா! சத்தியமா ஒங்களக் கொற சொல்லலக்கா. போட்டோ கூட நான் பாக்கல.

— கேட்டியா எட்வினு, பொண்ணு பாக்க வர்றவரு அக்கான்றாரு. டென்னிஸு, காலைல பூசை முடிஞ்ச கையோட வேற ஒருத்தரு அவுங்கம்மாவக் கூட்டிக்கினு வந்து, எங்கப்பா கிட்ட என்னைக் கேக்கப் போறாரு. நீங்க பதினோரு மணிக்கு வரும்போது பேச்சு முடிஞ்சிருக்கும். பிரியாணி சாப்ட்டுட்டு, திரும்பிப் போற வழியில அமுதாவப் பத்தி உங்கப்பா கிட்ட சொல்லிடுங்க.

— நெசமாவாக்கா? நீங்க நல்லா இருக்கணும்க்கா! யாருக்கா அவுரு?

— ஒங்களுக்குத் தெரிஞ்சவருதான். நாளிக்கு வரப் போறது அவுருக்குத்தான் இன்னும் தெரியாது.