முப்பத்து நான்கு டிகிரி

பனை இனத்து விதைகளை வீட்டில் முளைக்க வைக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தால்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். நாலு வாரம் பொறுப்பார்கள். ஐந்தாவது வாரம் பையைப் பிரித்து, விதையை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்து, மறுபடி உள்ளே வைப்பார்கள். அதோடு அந்த விதையின் கதை முடிந்தது. நான் பதின்மூன்று மாதம் பையைப் பிரிக்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் அக்கா செத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

உங்கள் ஆட்கள் என் சமையலறையிலிருந்து எடுத்துவந்த பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கத்து அறையில் ஏசிக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். அதில் மூன்று விதைகள் முளைவிட்டிருக்கின்றன. அந்தக் குளிரில் இரண்டு நாள்கூடத் தாங்காது. பெட்டியை ஏசிக் காற்று படாத ஜன்னலோரம் மாற்றினால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். நீங்களும் மாற்றச் சொன்னீர்கள். நன்றி. நான் பேச்சு மாறுகிறவள் இல்லை.

முப்பத்தொரு வருடம் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் வேலை பார்த்தேன். ரத்தம் வைத்திருக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. ஒரு நாள் விட்டதில்லை. ஒரு எண்ணைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அதற்காக எனக்குத் தர்மாமீட்டர் என்று பட்டப்பெயர் வைத்தவள் அக்காதான். விசேஷ வீடுகளில் புது ஆட்களுக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் விதைப் பைத்தியம் பிடித்தது. எலுமிச்சை அளவு விதை, கறுப்பு ஓடு. சுத்தியலால் தட்டினாலும் விண்ணென்று தெறித்து ஓடும். அரத்தால் ஓட்டின் ஒரு பக்கத்தை மட்டும் உள்ளே வெள்ளை தெரிகிற வரைக்கும் ராவ வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் போச்சு. மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு ஈரம் பிழிந்த தேங்காய்நார்த் தூளோடு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதற்கப்புறம் வேலை ஒன்றே ஒன்றுதான். முப்பத்து நான்கு டிகிரி. ராத்திரி பகல், மழை வெயில் என்று பார்க்காமல் முப்பத்து நான்கு.

முதல் தடவை ஒன்பது விதை போட்டேன். எட்டாவது மாதம் அக்கா ஒரு வாரம் தங்க வந்தாள். நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று வீட்டையே கழுவிவிட்டிருந்தாள். பெட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. விதைகள் குப்பை வண்டியில் போய்விட்டன. நான் அழுதேன். அன்று சாயங்காலம் வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அவள் சொன்னாள்:

"செத்த கொட்டைக்குப் போயி இவ்வளவு அழுகையா? பெத்த புள்ளைய பறிகொடுத்த மாதிரி. உனக்குத்தான் அந்தக் கவலையே இல்லையே, தர்மாமீட்டர்."

எனக்குக் குழந்தை இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். பின்னணி தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

பூங்காவில் அந்த விதை தந்த ஒற்றை மரத்தை அடுத்த வருடம் வெட்டிவிட்டார்கள். பூங்காவின் தோட்டக்காரர் கடைசிக் குலையிலிருந்து பதினொன்று பொறுக்கித் தந்தார், இனி கேட்காதீர்கள் என்றார். அவற்றை மேற்குப் பார்த்த அறையில் வைத்தேன். வெயில் நன்றாக இறங்கும், போதாத நாளுக்கு ஒரு சின்ன ரூம் ஹீட்டர். மூன்று மாதம் கழித்து அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் சுத்தமாகப் போய்விட்டன. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அவள் மகள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறவள். "சித்தி, உங்கள விட்டா எனக்கு யாரு இருக்காங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறு பேச்சு பேசவில்லை. குளியலறையை ஒட்டிய அறை வீட்டில் ஒன்றுதான், மேற்கு அறை. கட்டிலை அங்கே போட்டேன்.

அறை காற்றோட்டமாக இருக்கட்டும் என்றார் டாக்டர். உடம்பில் நீர் இறங்க மாத்திரை கொடுத்திருப்பதால் வெக்கை ஆகாது, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். வேளை தவறாமல் கொடுத்தேன், ஒரு நாளைக்கு நான்கு டம்ளர். ஜன்னலைத்தான் திறக்கவில்லை. திறந்தால் இருபத்தொன்பதுக்கு இறங்கிவிடும். அவளுடைய இடது கைக்குப் பக்கத்தில் மகள் ஒரு மணி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா அதை அடித்து ஜன்னலைக் காட்டினாள், அடித்து அடித்துக் காட்டினாள். வீட்டில் மனுஷி நிம்மதியாக ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. மணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அவளும் பழகிக்கொண்டாள் என்றே நினைக்கிறேன். பத்து மாதம் அந்தச் சூட்டில் உயிரோடுதானே இருந்தாள்.

பகலில் ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண், ஆனால் சொன்ன பேச்சு கேட்க மாட்டாள். ஒரு நாள் நான் இல்லாத நேரம் இரண்டு மணி நேரம் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டாள். கேட்டால் எதிர்த்துப் பேசினாள்.

"என்னாலேயே இந்த ரூம்ல நிக்க முடியலம்மா. அவங்க எப்படித் தாங்குவாங்க?"

"விதை தாங்குதில்ல?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றோடு அவளை நிறுத்திவிட்டேன். உங்களிடம் முதலில் வந்து சொன்னது அவளாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

தவறு செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. உலகத்தில் பன்னிரண்டாவது விதை கிடையாது. பேச்சும் நடையும் போன ஒருத்திக்குக் கொஞ்சம் வியர்க்கும் என்பதற்காகப் பதினொன்றையும் சாகவிட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் வாழ்க்கையில் எதையும் காத்திருந்து வளர்த்தவர்கள் இல்லை. நீதிபதி முன்னாலும் இதையேதான் சொல்வேன். கெஞ்ச மாட்டேன், அழ மாட்டேன். விதைகளுக்காகச் செய்தேன், மறுபடியும் செய்வேன்.

என் நோட்டை எடுத்துவந்திருக்கிறீர்கள். அதைத்தான் இவ்வளவு நேரம் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கேளுங்கள்.

ஆமாம், செவ்வாய்க்கிழமை காலை பைக்குள் வெள்ளை முனை தெரிந்தது. மூன்று விதைகளில். அன்று நான் சிரித்த சிரிப்பு அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். முளைவிட்ட பிறகு அவ்வளவு சூடு வேண்டாம், நிழலும் ஈரமும் போதும். அதனால் பெட்டியோடு எல்லாவற்றையும் அன்றைக்கே சமையலறைக்கு மாற்றினேன். மற்ற எட்டும் அழுகியிருந்தன.

மேற்கு அறையில் அதற்குப் பிறகு விதை இல்லை. சரிதான்.

புதன் முப்பத்தெட்டு. வியாழன் நாற்பது. வெள்ளி நாற்பத்தொன்று. சனிக்கிழமை காலை நாற்பத்து மூன்று, அன்றுதான் அவள் போனாள். கையெழுத்து என்னுடையதுதான். ஹீட்டர் சூடு தானாக ஏறாது, குமிழைத் திருப்ப வேண்டும், திருப்பினேன். தண்ணீர் டம்ளர் கணக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. செவ்வாய் நான்கு, புதன் இரண்டு, வியாழன் ஒன்று. வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை, கொடுக்காததை எப்படி எழுதுவது. நான் பொய் எண் எழுதுகிறவள் இல்லை.

அந்த நான்கு நாளும் அறையில் நாற்காலி போட்டு அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வியர்த்துக் கொட்டியது, எழுந்து போகவில்லை. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்கிறீர்கள். காத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது விதைக்காக என்னிடம் ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் ஜன்னலைத் திறந்திருப்பேன், சத்தியமாக. ஒவ்வொரு மணி நேரமும் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தாள், மூடினாள், ஒரு சொல் வரவில்லை.

அவளுக்குப் பேச வராதே என்று எனக்கு ஞாபகப்படுத்துகிறீர்கள். உங்களுக்கு அது இன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் பத்து மாதமாகத் தெரியும்.