மஞ்சளான குடுவை

எங்கள் லேபில் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட வேண்டும், சார். நீங்கள் போலீஸ் ஷூவோடு உள்ளே வந்தீர்கள். நான் தடுக்கவில்லை. இனி அங்கே எதுவும் வளரப்போவதில்லை.

பெயர் பூங்கொடி. ஓசூருக்கு வந்து பதினோரு வருடம். குதிரையின் நெஞ்செலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலுள்ள ஸ்டெம் செல்களைக் குடுவையில் வளர்ப்பது என் வேலை. மூன்று வாரத்தில் தயாராகிவிடும். தசைநார் கிழிந்து நொண்டும் குதிரைக்கு டாக்டர் அதை ஊசியில் ஏற்றுவார். பல குதிரைகள் சில மாதங்களில் நன்றாகவே நடக்கும்.

மஜ்ஜை எடுக்க சாந்தினி என்று ஒரு பெட்டைக் குதிரை வைத்திருந்தோம். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் லால் பாஷா பிடித்தால்தான் அது ஊசிக்கு நிற்கும். வேறு யார் போனாலும் உதைக்கும். பாஷா கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பத்து நாலு வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. நொண்டி வந்த குதிரைகள் நடந்து போவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊசிய எனக்கும் ஒண்ணு போடுங்க மேடம்."

"அது குதிரைக்கு, பாய்."

"குந்தினா எந்திரிக்க முடியல மேடம். இந்த மாசத்தோட நின்னுக்கறேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

ஒரு வருடமாகக் கேட்டார், மறுத்தேன். நின்றுவிடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், லேபில் வேறு யாரும் இல்லை. இன்குபேட்டரில் இரண்டு குடுவைகள் இருந்தன. ஒன்று, மறுநாள் பெங்களூரிலிருந்து வரும் பந்தயக் குதிரைக்கு. இன்னொன்றில் ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது. கிருமி புகுந்தால் அப்படித்தான் ஆகும். விதிப்படி அதில் கொஞ்சம் எடுத்து முந்தின நாளே சோதனைக்கு அனுப்பியிருந்தேன். மீதி, எறிய வேண்டியது.

பாஷா பிஸ்மில்லா சொல்லிக் காலை நீட்டினார். மீதியை அவர் முழங்காலில் ஏற்றினேன். டாக்டர் ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நல்ல குடுவையைத் தொட எனக்கு உரிமையில்லை. அந்தக் குதிரை மூன்று வாரமாகக் காத்திருந்தது. வெறும் உப்புநீரை ஏற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அது ஏமாற்று வேலை, சார்.

இரண்டாம் நாள் பாஷா போன் செய்தார். "நெருப்பாட்டம் சுடுது மேடம்." ஏற்றிய செல் பிடிக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். வெளியே மூச்சு விடக்கூடாது என்று முன்பே சத்தியம் வாங்கியிருந்தேன். மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நான்காம் நாள் சோதனை முடிவு வந்தது. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது, எல்லாம் ஒரே தாளில் இருந்தது. படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் கைப்பற்றியது அதைத்தான்.

ஐந்தாம் நாள் நினைவு தப்பியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் மனைவி ஃபகருன்னிசா அங்கிருந்து கூப்பிட்டார்.

"ரத்தத்துல விஷம் ஏறிடுச்சாம் மேடம். எங்கியாச்சும் ஊசி கீசி போட்டுக்கிட்டாரான்னு டாக்டர் கேக்கறாரு. அங்க ஏதாச்சும் போட்டீங்களா?"

"நாங்க குதிரைக்குத்தான்மா ஊசி போடுவோம்."

"ஆமா, அதான் நானும் சொன்னேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியம் சாப்பிட்டேன். குடுவைகளுக்குத் திரவம் மாற்றினேன்.

ஒன்பதாம் நாள் பாஷா இறந்தார். துக்கத்துக்குப் போயிருந்தேன். ஃபகருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அதன் பிறகு சாந்தினி யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. மஜ்ஜை எடுக்க முடியாமல் வேலை நின்றுபோனது. எனக்கும் இழப்புதான்.

கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாள் ஐந்து நாளும் என் இழுப்பறையில்தான் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன், சார்.