கயிறு கட்டாத வண்டி

ராத்திரிச் சாப்பாடு எனக்குச் சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போனது தொண்டையில் இறங்காது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயா, விசாரணைக்காக நீங்கள் எழுதித் தரச் சொன்ன விஷயம் இதில்தான் தொடங்குகிறது. மனுஷன் காலாகாலத்தில் வீடு போய்ச் சேர வேண்டும். சங்கம் இருப்பதே அதற்குத்தான். எங்கள் கிடங்கில் சங்கத் தலைவன் நான்.

வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எங்களுக்கு. முன்பெல்லாம் விடியுமுன் வண்டியை எடுத்தால் ஊர் அடங்கித்தான் திரும்புவோம். மூத்திரத்துக்கு இறங்க நேரமில்லாமல் எல்லா வண்டியிலும் ஒரு காலி பாட்டில் இருந்தது. லீவு நாளில் வாசலில் நின்றால் என் வீட்டு நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது.

சங்கம் போராடி ஒரு விதியை வாங்கியது. ஓவர்டைம் அளவுக்கு மீறிப் போகிறது என்று நினைக்கிற டிரைவர் சங்கத்திடம் பாதுகாப்புக் கேட்கலாம். கொடுத்துவிட்டால், ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அவனை ஓட்டச் சொல்லக் கூடாது. மீறினால் கம்பெனிக்கு அபராதம். பாதுகாப்புப் பெற்றவன் வண்டிக்கு அடையாளமாகப் பக்கக் கண்ணாடியில் பச்சைக் கயிறு கட்டினோம். துணி காயப்போடுகிற நைலான் கயிறுதான். காலையில் பார்சல் ஏற்றுகிற ஆள் கயிற்றைப் பார்த்தால் வண்டிக்குள் நடுத்தட்டு வரை அடுக்கி நிறுத்திவிடுவார். மிச்சம் கயிறு இல்லாத வண்டிக்குப் போகும்.

மிச்சம் என்று ஒன்று எப்போதும் உண்டு, ஐயா. அதைக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. நாங்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறோம் என்பதற்காக ஜனங்கள் சாமான் வாங்காமல் இருப்பார்களா? ஒவ்வொருவராகக் கயிறு கட்டக் கட்ட, கட்டாத வண்டிகள் முதுகு வளைந்து போயின. கடைசியில் இரண்டே வண்டிதான் பாக்கி. ஒன்று என்னுடையது.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேசைமேல் ஒரு சின்ன மின்விசிறி எப்போதும் அவர் முகத்துக்கு மட்டும் காற்று வீசும். அன்று அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தலைவரே, எல்லாரும் கட்டிக்கிட்டா நான் வெளி ஆளுங்களுக்கு காண்ட்ராக்ட் விட வேண்டியதுதான். அப்புறம் உங்க ஆளுங்க பாதிப் பேர் வீட்டுல உக்காரணும். ஒரே ஒரு வண்டியை மட்டும் எனக்கு விட்டுடுங்க. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

அங்கேயே சொல்லிவிட்டேன். அதிகம் யோசித்தால் பாரபட்சம் புகுந்துவிடும்.

அது என் தங்கை புருஷனின் வண்டி. கிடங்கில் அவருக்குப் பெயரே 'ஆகட்டும்'தான். என் வண்டியையும் கழுவிடு என்றால் ஆகட்டும். உன் புது டயரை நான் போட்டுக்கிறேன் என்றால் ஆகட்டும். இப்படிப்பட்டவர் இருக்கும்போது முரண்டு பிடிக்கிறவன் ஒருத்தனைப் பிடித்து, கட்டிய கயிற்றை அவிழ்த்து அவன் மனசை நோகடிப்பது நியாயமா? அதோடு, வேறு யாரையாவது கைகாட்டியிருந்தால், தலைவன் சொந்தக்காரனைக் காப்பாற்றிக்கொண்டான் என்று பேசுவார்கள். பொதுக் காரியத்தில் இருப்பவன் தியாகத்தைத் தன் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் தங்கை வீடும் என் வீடுதானே.

அவரை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசருகிறார் என்று தெரிந்ததும் கிடங்கே கூடிப் பேசியது. வீட்டுக்குப் போனவர்கள் முறை வைத்து அவருக்கு போன் போட்டோம். குளித்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசினோம். ஒரு நாள் மூத்த டிரைவர் ஒருவர் பேசியது இது:

"என்ன ஆகட்டும், தூங்கிட்டியா?"

"இல்லண்ணே, சிக்னல்ல நிக்கறேன்."

"பின்னாடி இத்தனை ஹாரன் கேக்குதே. பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சுன்னு பாரு."

"அட, ஆமாண்ணே."

மறுநாள் கிடங்கு முழுக்க இதே பேச்சாக, சிரிப்பாக இருக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்படி ஒரு ஒற்றுமையை வேறு எந்தக் கிடங்கில் பார்க்க முடியும்?

ஒரு நாள் தங்கை வந்தாள்.

"அண்ணா, அவரு சாப்பிட உக்காந்தா தட்டுல கை இருக்கும்போதே தூங்கிடறாரு. வாய்ல இருக்கறதை நான்தான் விரல விட்டு எடுக்கறேன். ஊருக்கெல்லாம் செய்யுற உன் சங்கம் அவருக்கு ஒண்ணும் செய்யாதா?"

"அவர் வாயைத் திறந்து கேக்கணும்மா. விதி அப்படி."

மறுநாளே கை கழுவுகிற இடத்தில் வந்து நின்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"மச்சான், எனக்கும் ஒரு கயிறு..."

"தீந்துடுச்சு மாப்ள. வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

"ஆகட்டும் மச்சான்."

கயிற்றுச் சுருள் அப்போது என் பெட்டியில்தான் இருந்தது. அந்த வாரமே அதில் ஒரு முழம் வெட்டி என் வண்டியில் கட்டிக்கொண்டேன். தலைவன் படுத்துவிட்டால் சங்கத்தை யார் பார்ப்பது?

அவர் அதோடு விடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அவர் வண்டிக் கண்ணாடியில் பளபளவென்று பச்சைக் கயிறு. கடையில் வாங்கி அவரே கட்டியிருக்கிறார். முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுக் கண்ணாடி பாதி மறைந்திருந்தது. வண்டிப் பக்கத்தில் நின்று, போகிறவர் வருகிறவரைப் பார்த்தெல்லாம் சிரித்தார். ஏற்றுகிற ஆள் நடுத்தட்டோடு நிறுத்திவிட்டார்.

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவிழ்த்துவிட்டேன். நகம் ஒன்று பெயர்ந்துவிட்டது, அத்தனை முடிச்சு. "இந்த வண்டில இன்னும் இடம் இருக்கே" என்று ஏற்றுகிற ஆளிடம் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. சங்கம் கொடுக்காத பாதுகாப்பை ஒருவர் கடையில் வாங்கிக் கட்டலாம் என்றால், அப்புறம் சங்கம் எதற்கு?

திரும்பி வந்தவர் கண்ணாடியைப் பார்த்தார். கூரை முட்ட அடுக்கிய பார்சலைப் பார்த்தார். கீழே குனிந்து சக்கரத்தடியில் தேடினார்.

"எங்கயோ விழுந்துடுச்சு மச்சான். முடிச்சு சரியாப் போடல போல."

"இருக்கும் மாப்ள."

அன்று போன் பேசுகிற முறை எனக்கு. நான் போடுவதற்குள் அவரே போட்டுவிட்டார். தட்டில் அப்போதுதான் பரிமாறியிருந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிய டிரைவரை வேலை விஷயமாகக் கூப்பிடக் கூடாது என்பதும் நாங்கள் போராடி வாங்கிய உரிமைதான். எனக்கென்று வரும்போது நானே அதை விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன முகத்தோடு சொல்வேன்? போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் ஓரமாக நின்ற லாரிக்கு அடியில் அவர் வண்டி புகுந்தது என்கிறீர்கள். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லையாம். நீங்கள் படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

அன்று அவர் வண்டியில் கயிற்றைப் பார்த்ததாக எங்கள் ஆட்கள் ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆளுக்கொரு கயிறு வைத்திருப்பவர்கள். நான் மறைக்கப் போவதில்லை. அவரைக் கைகாட்டியது நான், கயிறு இல்லை என்று பொய் சொன்னது நான், அவிழ்த்ததும் நான். இதெல்லாம் குற்றம் என்று விதியில் எங்கும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் பழகியதே அந்த விதிப் புத்தகத்தில்தான். ஒரு வரி விடாமல் தெரியும்.

அவர் கயிற்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. துக்கத்துக்கு வந்த ஜனம் அதிகம், துவைத்த துணி காயப்போட இடமில்லை என்று தங்கை திண்டாடினாள். அவள் வீட்டுக் கொல்லையில் கட்டிக் கொடுத்தேன். அவர் காசில் வாங்கியது அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

தங்கையையும் அநாதையாக விடவில்லை. மேனேஜரிடம் பேசி மாப்பிள்ளையின் வேலையை அவளுக்கே வாரிசு வேலையாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜருக்கும் கயிறு கட்டாத ஒரு வண்டி தேவைப்பட்டது. தினமும் காலையில் நானே பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன்.

"அண்ணா, எனக்காவது கயிறு கட்டுவியா?" என்று கேட்டாள்.

"புதுசா வர்றவங்களுக்கு உடனே கிடையாதும்மா" என்றேன். தலையாட்டினாள்.

புருஷனைவிட நன்றாகவே ஓட்டுகிறாள், ஐயா. இவள் விஷயத்தில் நீங்கள் பயப்படவே வேண்டாம். கண் அசரவே மாட்டாள். அவர் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமே வருவதில்லை.