நேராகப் போன பந்து

கோல்ஃப் மட்டையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, ஐயா. கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல் பிடிக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் சகலை, என் மனைவியின் தங்கை கணவர். நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மாமனாரோடு நாங்கள் இருவரும் ஆடுவோம். நான் அடித்தால் பந்து பாதி வழியில் இடப்பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடும். அதனால் வலப்பக்கம் தனியாக நிற்கும் மரத்தைக் குறிவைத்து அடிப்பேன். பந்து வளைந்து வந்து நடுவில் விழும். சகலை அந்த மரத்தடியிலேயே போய்ச் சாவகாசமாக நிற்பார்.

"அண்ணன் எங்க குறி வைக்கிறாரோ, அங்க நின்னா ஒரு ஆபத்தும் இல்ல" என்பார். மாமனார் வயிறு வலிக்கச் சிரிப்பார்.

மூத்த மாப்பிள்ளை நான். மாமனார் தம்முடைய மட்டைகளைக் கொடுத்ததோ இளையவருக்கு. "அவர் அடிச்சா அம்பு மாதிரி போகுமாமே, அப்பா சொன்னாரு" என்று சாப்பாட்டு மேசையில் என் மனைவியே சொன்னாள். வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

வலது கையை மட்டைக்கு அடியில் கொடுத்துப் பிடிப்பதுதான் என் கோளாறு என்று கண்டுபிடித்தவரும் சகலைதான். கையைச் சற்று மேலே திருப்பி வைக்கச் சொன்னார். கடைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் தனியாகப் பழகினேன். பந்து நேராகப் போகத் தொடங்கியது. எல்லோரையும் அசத்தலாம் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு யோசித்தேன். பாராட்டு யாருக்குப் போகும்? சொல்லிக்கொடுத்தவருக்கு.

ஆகவே அவர்கள் முன்னால் பழைய பிடியை விடவில்லை. "பரவாயில்ல அண்ணே, போகப்போக வந்துடும்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

போன ஞாயிறு வழக்கம்போல் மரத்தைக் குறிவைத்தேன். அவர் மரத்தடியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். நான் புதுப் பிடிக்கு மாறினேன். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல்தான். பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது பாட்டில் மூடி அவர் கையிலேயே இருந்தது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. துக்க வீட்டில் என் மனைவி அழுதுகொண்டே என் தோளைத் தொட்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு என்னைக்கு நேரா அடிக்க வந்திருக்கு?" என்றாள். மாமனாரும் ஆமாம் என்று தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா.

மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதுதான் என்னை இங்கே இழுத்துவந்தது. தெரிந்தே குறிவைத்தேன், தெரிந்தே அடித்தேன். அவரைக் கொன்றது நான்தான். எந்தத் தண்டனை என்றாலும் சரி. மாமனாரிடம் மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பந்து கொஞ்சம்கூட வளையவில்லை.