புதிய தகவல் இல்லை

கனகேஸ்வரிக்கு இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்ரீதான் பிடிக்கும். சீனி போடக்கூடாது. பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி வைத்தால் போதும். தண்ணீரை இப்போதே அடுப்பில் வைத்துவிட்டேன், அலவி. அவர் வருகிற நேரமாகிறது. நீங்கள் அந்தக் கதிரையிலேயே இருங்கள். கையை மட்டும் மவுசிலிருந்து கொஞ்சம் எடுங்கள்.

றேடியோப் பெட்டியின் பவர் சப்ளையைத் திருத்தத்தானே வந்தீர்கள்? அதோடு போயிருக்கலாம். நிர்வாகிப் பக்கத்தைத் திறப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பாஸ்வேர்ட் போட்டுத் தந்ததே நீங்கள்தான், மாற்றாமல் விட்டது என் பிழை. "என்ன சேர் இது, இந்தப் பொம்புளட மெசேஜ் எல்லாம் ஹோல்ட்ல கெடக்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

போரில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டுப்பட்டு, தொலைபேசியும் செத்துப்போன நேரத்தில்தான் நோட் என்கிற இந்த றேடியோப் பெட்டியை இந்த வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் ஏற்றினோம். அனுமதிக்காகக் கந்தோர் கந்தோராக நீங்கள் அலைந்ததை நான் மறக்கவில்லை. அங்கே ஒரு நிவாரண நிறுவனத்தில் ஒரு றேடியோ, இங்கே எங்கள் பெட்டி. அவர்கள் தட்டுகிற நாலு வரி அலையில் வந்து இங்கே விழும். பெட்டிக்குள்ளேயே இருக்கிற வலைப்பக்கத்தைத் திறந்தால் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியும். தகவல் பார்க்க வருகிற விருந்தாளிக்கு ஒரு வாசல், நிர்வாகியான எனக்கு ஒரு வாசல். நான் வாசித்து விடுவித்தால்தான் அது விருந்தாளியின் பக்கத்துக்குப் போகும். வெளியாரின் தகவலை வாசிக்காமல் கொடுக்கக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. அந்த நிபந்தனையை நான் ஒருநாளும் மீறியதில்லை.

கனகேஸ்வரியின் கணவர் நாகேந்திரம் காணி அலுவலாக ஊருக்குப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டார். இவர் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே வருவார். முதல் தகவல் வந்த அன்று நான் அச்சடித்துக் கொடுத்த தாளைக் கையில் வாங்கினார், "தாங்ஸ் அண்ணை" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு கிழமையாக ஆளைக் காணவில்லை. தகவல் வராத நாட்களில் அப்படியில்லை. உட்கார்ந்து கதைப்பார். என் சட்டையில் பொத்தான் இல்லாததைக் கண்டால் தைத்துத் தருவார். இதை நான் கவனித்தேன். கவனிப்பது என் பழக்கம், உங்களுக்குத் தெரியும்.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் மனைவி றஞ்சிதம் போன பிறகு இந்த வீட்டில் ஒரு கோப்பைதான் கழுவப்பட்டது. கனகேஸ்வரி வரத் தொடங்கிய பிறகு இரண்டு. அவ்வளவுதான்.

இரண்டாவது தகவல் வந்த அன்று அவர் சுசியம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். தாளைக் கொடுத்தால் சுசியத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார். நாளைக்குக் கொடுக்கலாம் என்று ஹோல்டில் போட்டேன். நீங்கள் திறந்து வைத்திருக்கிறீர்களே, அதுதான். "நெஞ்சு நோ. இங்கே மருந்து இல்லை. கொழும்பு டொக்டரின் கடிதம் இருந்தால் கப்பலில் இடம் தருவார்கள். உடனே எடுத்து அனுப்பு." நாகேந்திரத்தைப் பார்க்கிற டொக்டர் கொட்டாஞ்சேனையிலேயே இருக்கிறார். கடிதம் எடுப்பது ஒரு காலை வேலை. நான் அதை இந்தப் பெட்டி வழியாக அனுப்பியிருந்தால் அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கும்.

மறுநாள் கொடுத்தால், நேற்றே ஏன் தரவில்லை என்று கேட்பார். நல்ல பதில் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது, தகவல் கிடைத்ததா என்று. அதற்கடுத்தது, "கப்பல் வெளிக்கிடப் போகுது கனகு, கடிதம் எங்கே?" எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்தி வைத்தேன். அழிக்கிற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நான் தொடவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

விருந்தாளிப் பக்கத்தைத் திறக்க நானே அவருக்குப் பழக்கினேன். இப்போது நீங்கள் இருக்கிற கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானே அழுத்துவார். புதிய தகவல் இல்லை என்று வரும். "இல்லை அண்ணை" என்பார். "நாளைக்கு வரும் தங்கச்சி" என்பேன். யோசித்துப் பாருங்கள், இல்லை என்று நான் சொன்னதில்லை. பக்கம்தான் சொன்னது.

ஒருநாள் சோதனைச்சாவடியில் பொலிஸ் பதிவு சரியில்லை என்று அவரை இருட்டும்வரை வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் இங்கே வந்து வாசலில் நின்றார். "இனி இப்பிடிக் கஷ்டப்பட்டு வராதேங்கோ" என்றேன், மரியாதைக்கு. "ஒருநாள் நான் வராமல் விட, அண்டைக்கெண்டு பாத்து வந்திட்டா அண்ணை?" என்றார். எனக்கு மனம் உருகிவிட்டது. ஆறிப்போயிருந்த தேநீரைச் சூடாக்கிக் கொடுத்தேன்.

கடைசித் தகவலை நீங்கள் இன்னும் திறக்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். "நாகேந்திரம் காலமானார். கிரியைகளை அயலவர் செய்து முடித்தனர். மனைவிக்கு அறிவிக்கவும்."

அது வந்த அன்றும் கனகேஸ்வரி வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். அதை அழிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. செத்தவருக்கு எட்டாம் நாளும் முடிந்துவிட்டது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. இன்னும் வெள்ளிக்கிழமைகளில் நாகேந்திரத்தின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு எனக்கும் திருநீறு கொண்டுவருகிறார். நான் பூசிக்கொள்கிறேன்.

"யா அல்லாஹ்" என்கிறீர்கள். நான் அந்த மனிதரைக் கொன்றேன் என்று நினைக்கிறீர்கள். கொன்றது நெஞ்சு நோ. சரி, முழுவதையும் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். கடிதம் போயிருந்தால் நாகேந்திரம் கப்பல் ஏறியிருப்பார். அவர் வந்து சேர்ந்திருந்தால் கனகேஸ்வரி இந்தப் படி ஏறியிருக்கமாட்டார். இது இன்றைக்குத் தெரிந்த விஷயம் இல்லை. சுசியம் சாப்பிட்ட அன்றே எனக்குத் தெரியும்.

கேற் திறக்கிற சத்தம் கேட்கிறதா? செருப்புச் சத்தம் அவருடையதுதான். பாருங்கள், படியிலிருந்தே கேட்கிறார்: "அண்ணை, ஏதும் வந்ததோ?"

விடுவிக்கிற பொத்தான் மேலே வலப்பக்கம் இருக்கிறது. அழுத்துவதென்றால் அழுத்துங்கள், நான் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள், அலவி. அதை வாசித்து அந்தப் பிள்ளை உடைந்து விழும்போது தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இந்தக் கொழும்பில் அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?