வல்லரசுக்கு ஒரு பந்தல்

“டீச்சர், வல்லரசுன்னா நமக்கு அண்ணனா, தொரையா?”

உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி அது. கலாராணி டீச்சர் பதில் சொல்வதற்குள் புயல் வந்துவிட்டது. மலை சரிந்தது. பசறைக்குப் போகும் பாதை அறுந்து, தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள் அடைந்து கிடந்தது. போனுக்குக் கவரேஜ் கிடைப்பது மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலிருந்த ஒரு பாறைமேல் மட்டும்தான். ஓரடி தள்ளி நின்றால் அதுவும் இல்லை. அதன்மேல் நனைந்தபடி நின்று வெகுநேரம் முயன்ற பிறகு, பதுளையில், உதவிக்கு வந்த வல்லரசு நாட்டு ஹெலிகாப்டர்களோடு நிவாரண வேலை பார்க்கும் ஹபீஸ் அவளுக்குக் கிடைத்தார்.

“ஹலோ... ஹலோ, ஹபீஸ் சேரா? நான் கலாராணி டீச்சர்... ஆமா, ஆமா, அதே தோட்டந்தான்... சேர், ஹெலி வந்துச்சு, ஆனா எறங்கல. ரெண்டு வட்டம் அடிச்சிட்டுத் திரும்பிப் போயிருச்சு... இல்ல சேர், அப்ப பனி இல்ல, நல்லா வெளிச்சமாத்தான் இருந்துச்சு... என்னது?... கம்பா?...”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆமா சேர். பந்தல்தான்... கல்யாணமா? இந்த நேரத்துல எவன் சேர் கல்யாணம் கட்டுவான்! அந்த ஹெலிக்காரங்களுக்கு வரவேற்பு... சிரிக்காதீங்க சேர்... அழகையா, எங்க தொழிற்சங்கத் தலைவரு, அவரு போட்டது. மூங்கில் ஊண்டி, தோரணம் கட்டி, ரெண்டு பக்கமும் வாழ மரம். தப்பு மேளம் அடிக்கவும் ஆள் வச்சிருந்தாரு. ‘உலகத்துக்கே பெரியவன் நம்ம வாசலுக்கு வர்றான், மொட்டக் கிரவுண்ட்லயா எறங்கச் சொல்றது?’ன்னு கேக்குறாரு... வேற எடம் எங்க சேர் இருக்கு? தோட்டத்துல சமமா இருக்கிறதே அந்த ஒரு கிரவுண்ட்தான்...”

தோட்டத்தில் காலங்காலமாக வந்த பழக்கம். தோட்டத்தை நடத்தும் துரை வந்தாலும், மந்திரி வந்தாலும், வெயிலில் மாலையோடு வரிசையாக நின்றவர்கள். பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் கை தானாகவே மூங்கிலைத் தேடிப் போகும்.

“வச்சிராதீங்க சேர்!... நிரஞ்சலாவுக்குத்தான். சொவரு விழுந்து கால் நசுங்கிருச்சுன்னு சொன்னேனே, அந்தப் புள்ள... நேத்து வீங்கி மட்டும் இருந்துச்சு. இன்னிக்கு வெரலெல்லாம் கறுத்துப் போச்சு. ஒடம்பு கொதிக்குது... தூக்கிட்டு நடந்தாங்க சேர், சேறு இடுப்பளவு, பாதி வழியில திரும்பிட்டாங்க... ஆமா... இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா காலோட போகுமா, ஆளே போயிருமான்னு...”

மறுபக்கத்திலிருந்து ஹபீஸ் ஏதோ கேட்டார்.

“சொன்னேன் சேர்! பிரிங்கன்னு காலையில இருந்து கெஞ்சுறேன். தலைவரு, ‘கட்டுன பந்தலப் பிரிக்கிறது மரியாதையா? ஓரமா எறங்கச் சொல்லு’ங்கிறாரு. இன்னொரு சங்கத்துப் பையன், சுரேஸ்னு, அவன் ‘அந்த நாட்டு ஹெலியே வேணாம்’ங்கிறான்... ‘அங்க குண்டு போடுற கை இங்க பிஸ்கட் போட்டா நம்பிருவீங்களா? நாளைக்குத் துறைமுகத்தக் கேப்பான்’னு மேசையில குத்துறான். அதுலயும் நியாயம் இல்லேன்னு சொல்ல முடியல. ஆனா கறுத்துப் போறது அவன் காலா சேர்?... ஒருத்தரு அவங்கள சாமி ஆக்குறாரு, ஒருத்தன் பேய் ஆக்குறான். நடுவுல இந்தப் புள்ள மொனகிக்கிட்டுக் கெடக்கு...

“ம்... ம்... பந்தல் வேணும்னு அவங்க கேக்கலதான். நாங்களா போட்டதுதான், ஒத்துக்கிறேன்... அப்ப எதுக்குத் திரும்பினாங்க? கம்பு ஹெலியில படும்னு பயந்தா?... இல்லையா?...”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“...பைலட் அப்படியா சொன்னாரு? ‘எங்க காத்துல மூங்கில் பறந்து பிள்ளைங்க மேல விழும்’னா?... லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தையும் பாத்தாரா?...”

அவ்வளவு உயரத்தில், அத்தனை இரைச்சலுக்குள் இருந்துகொண்டு, மாலையைப் பார்க்காமல் மாலைக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை ஒருவன் பார்த்திருக்கிறான். தான் எழுப்புகிற காற்று எளியவன் கூரையைத் தூக்கிவிடும் என்று தெரிந்து, சற்று விலகிப் போயிருக்கிறான். பலசாலியிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று அவளுக்குப் பட்டது. உதவியெல்லாம் அதற்குப் பிறகு.

“நல்ல மனுசன் சேர். அந்த நாடு போற எடத்துலயெல்லாம் இப்படி ஒரு தடவ கீழ பாத்தா... ஆமா, ஆமா, அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல... திரும்ப வருவாங்களா?... எண்ணெய் அடிச்சிட்டு நிக்குதா!... அடுத்தது வேற தோட்டத்துக்கா?... அதுக்குள்ள... கிரவுண்ட் காலின்னு நான் ஒரு வார்த்த சொன்னாப் போதுமா?...”

ஒரு வார்த்தை. பாறைக்குக் கீழே எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தது. கிரவுண்ட் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் கவரேஜ் போய்விடும்; நின்றால் நேரம் போய்விடும்.

“சேர்... வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா பனி மூடிருச்சு, இங்கருந்து ஒண்ணும் தெரியல. நான் காலின்னு சொல்லி, அவங்க நம்பி எறங்கி, ஒரு புள்ள மேல கம்பு விழுந்தா?... இல்ல சேர். பொய் சொல்ல மாட்டேன்... கோவப்படாதீங்க. நிரஞ்சலா என் கையில வளந்த புள்ள, எனக்கு மட்டும் ஆச இல்லையா?... சார்ஜும் சிவப்புல நிக்குது... வைக்காதீங்க, கொஞ்சம் இருங்க... தாயே மாரியாத்தா... இருக்கேன், இருக்கேன் சேர்...”

பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஒன்று ஏறி வந்தது. பனி மெல்லக் கிழிந்தது.

“சேர்! தெரியுது... பந்தலக் காணோம்!... சத்தியமா சேர், கண்ணால பாக்குறேன். ஒரு கம்பு இல்ல! மூங்கிலையெல்லாம் மேட்டுக்குப் பின்னால போட்டு, மேல பாறாங்கல்லு ஏத்தி வச்சிருக்கு. நடுவுல சுண்ணாம்புல பெருசா ஒரு வட்டம்... ஆளா? ஒருத்தரையும் காணோம். அனுப்புங்க சேர்! கிரவுண்ட் காலி, நான் சொல்றேன், காலி!... என்ன சத்தமா? அது எங்க தலைவரு. ‘எவன்டா என் பந்தலப் பிரிச்சது’ன்னு கத்திக்கிட்டே இங்கதான் ஏறி வர்றாரு...”

அழகையா ஊருக்கே கேட்கும்படி ஏசிக்கொண்டு வந்தார். அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை சுண்ணாம்பு.

போன வருடம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது பெற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. இருட்டின பிறகு, பின்வாசல் வழியாக, யாருக்கும் தெரியாமல் கஞ்சி கொண்டுபோனவள் நிரஞ்சலா. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்த கலாராணி அதைத் தற்செயலாகக் கண்டிருந்தாள். அந்த இருவரும் அதைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை.

“...கெளம்பிருச்சா! நல்லா இருப்பீங்க சேர், உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கும்... பிரிச்சது யாருன்னா?... அது எதுக்கு சேர் நமக்கு... ஹலோ?... சேர்?...”

போன் அணைந்திருந்தது. தலைவர் பாறையை நெருங்குவதற்குள், ஹெலி வரும் திசையைப் பார்ப்பவள்போல் அவள் வானத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தன் சுண்ணாம்புக் கையைக் கவனித்து, கழுவிக்கொண்டு வரும்வரை திரும்பவே இல்லை.